ஊசி போட்ட ராத்திரி வலிப்பு வந்தது: எங்கள் ரத்தத்தில் ஏதாவது இருக்கிறதா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்கள் அக்கா மகனுக்கு பதினான்காவது வாரத் தடுப்பூசி போட்டார்கள். அன்று ராத்திரி காய்ச்சலோடு வலிப்பு வந்து, அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. இப்போது பையனுக்கு மூன்று வயது. வலிப்பு இன்னும் அடங்கவில்லை, பேச்சும் பின்தங்கியிருக்கிறது. உங்களுக்கு அடுத்த மாதம் பிரசவம். நீங்கள் கட்டியிருப்பது சொந்த அத்தை மகனை. "ஊசி ஒத்துக்கொள்ளாத ஜீன் எங்கள் குடும்பத்தில் இருக்கிறதா? குழந்தை பிறந்ததும் ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஊசி போடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அக்கா மகனுக்கு நடந்தது ஊசியால்தானா என்பது ஒன்று. தடுப்பூசியே கெடுதல் செய்யக்கூடிய உடம்பு என்று பிறவியிலேயே ஒன்று உண்டா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் "உண்டு". ஆனால் அப்படிப்பட்ட உடம்பும் அக்கா மகனுக்கு வந்ததும் பெரும்பாலும் வேறு வேறு. நான் இருபது வருடத்துக்கும் மேலாகக் குழந்தைகளுக்கான நரம்பியல் பார்க்கிறேன். அதனால் வலிப்பைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். நோய் எதிர்ப்புக் குறைபாடுகள் என் நேரடித் துறை கிடையாது, அந்தக் குழந்தைகளை அதற்கான மருத்துவர்களோடு சேர்ந்துதான் பார்த்திருக்கிறேன். உங்கள் அக்கா மகனை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் எட்டு மாதக் குழந்தையோடு வந்தார். தாய் சேய் நல அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அதில் பதினான்காவது வாரக் கட்டத்தைச் சுற்றி சிவப்புப் பேனாவால் அழுத்தி வட்டம் போட்டிருந்தது. "இந்தத் தேதியிலேர்ந்துதான் டாக்டர்" என்றார். ஊசி போட்ட கிராம சுகாதார செவிலியரை வீட்டு ஆட்கள் தெருவில் நிறுத்திச் சண்டை போட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் அந்தத் தெருவில் இன்னும் இரண்டு குடும்பங்கள் புதன்கிழமை ஊசிக்குப் போவதையே நிறுத்திவிட்டன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் வேறு ஒன்றைக் கேட்டேன்: "குளிப்பாட்டும்போது எப்பவாவது வந்திருக்காம்மா?" அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "எப்படித் தெரியும்? சுடுதண்ணி ஊத்தினாலே வந்துடுது. அதனால இப்ப துணி நனைச்சுத் துடைச்சுதான் விடறோம்." ஒரு தடவை வலது கை கால் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது, அடுத்த தடவை இடது பக்கம் இழுக்கிறது என்றும் சொன்னார். ரத்தம் எடுத்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினோம். எஸ்சிஎன்1ஏ என்ற ஜீனில் பழுது இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அப்பா அம்மா இருவருடைய ரத்தத்திலும் அந்தப் பழுது இல்லை.

இந்த நோய்க்கு டிராவே நோய் என்று பெயர். 1978ல் இதை முதலில் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஷார்லட் டிராவேயின் பெயரால் அழைக்கிறார்கள். நரம்பணுக்களில் சோடியம் போய்வரும் வாசல் ஒன்றைக் கட்டுகிற ஜீன்தான் எஸ்சிஎன்1ஏ. மூளையில் மற்ற நரம்பணுக்களை அடக்கி வைக்கிற அணுக்களுக்கு அந்த வாசல் ரொம்ப முக்கியம். அது பாதி வேலை செய்தால் பிரேக் பிடிக்காத வண்டி போல மூளை இருக்கும். சாதாரண நாளில் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். உடம்பு சூடானால் சமாளிக்க முடியாது. சளிக் காய்ச்சல், சுடுதண்ணீர்க் குளியல், ஊசிக்குப் பிந்தைய காய்ச்சல் எதுவானாலும் வலிப்பைக் கிளப்பிவிடும். அரசு மையத்தில் போடும், ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பெண்டாவேலன்ட்டில் கக்குவான் கிருமி முழுசாக, கொல்லப்பட்ட நிலையில் இருக்கிறது. அதனால் காய்ச்சல் வருவது சகஜம். டிராவே குழந்தைக்கு அந்தக் காய்ச்சலே வாழ்க்கையில் முதல் காய்ச்சலாக அமைந்துவிடுவது உண்டு. அதுதான் வட்டம் போட்ட அந்தத் தேதி.

இந்த விஷயம் மருத்துவ உலகத்துக்குப் புரிய முப்பது வருடத்துக்கும் மேல் ஆனது. 1974ல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை மருத்துவர்கள், கக்குவான் தடுப்பூசிக்குப் பிறகு மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 36 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதை எடுத்துக்கொண்டன. பிரிட்டனில் 80 சதவீதத்தை ஒட்டி இருந்த கக்குவான் ஊசி, சில வருடங்களில் 30 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. 1977லிருந்து 1979 வரை வந்த கக்குவான் அலையில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் பதிவானது. குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பெற்றோர் யாரும் பொய் சொல்லவில்லை. ஊசி போட்டதும் உண்மை, வலிப்பு வந்ததும் உண்மை. இடையில் இருந்த மூன்றாவது விஷயத்தைப் பார்க்க அன்றைக்கு யாரிடமும் கருவி இல்லை.

அந்தக் கருவியை இதற்குப் பயன்படுத்தியது 2006ல். ஆஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிக்கும் அவருடைய குழுவினரும், "தடுப்பூசியால் மூளை பாதிப்பு" என்று முத்திரை குத்தப்பட்டிருந்த 14 பேரைத் தேடிப்பிடித்து ஜீன் பார்த்தார்கள். 14 பேரில் 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ பழுது இருந்தது. அவர்களில் பெற்றோரையும் சோதிக்க முடிந்த இடங்களில் பழுது பெற்றோரிடமிருந்து வரவில்லை, குழந்தையிடம் புதிதாக உண்டாகியிருந்தது. நான்கு வருடம் கழித்து வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. டிராவே நோய் உறுதியான 37 குழந்தைகளில் 12 பேருக்கு முதல் வலிப்பு தடுப்பூசியை ஒட்டி வந்திருந்தது, 25 பேருக்கு ஊசிக்குச் சம்பந்தமில்லாத நாளில் வந்திருந்தது. ஊசியை ஒட்டி வந்தவர்களுக்கு முதல் வலிப்பு சராசரியாக 18 வாரத்தில். மற்றவர்களுக்கு 26 வாரத்தில். அதாவது ஊசி இரண்டு மாதம் முந்தித் தொடங்கிவைத்திருக்கிறது. ஆனால் பிற்பாடு அறிவு வளர்ச்சியிலோ வலிப்பின் தீவிரத்திலோ இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. முதல் வலிப்புக்குப் பிறகு ஊசியைத் தொடர்ந்தவர்களுக்கும் நிறுத்தியவர்களுக்கும்கூட வித்தியாசம் தெரியவில்லை. ஊசி போடாமல் இருந்திருந்தால் அந்தக் குழந்தை அடுத்த காய்ச்சலில் வலிப்பு கண்டிருக்கும். இதை ஒரு தாயிடம் சொல்வது எளிதல்ல. ஆனால் சொன்ன பிறகு பல தாய்மார்கள் வருடக்கணக்கில் சுமந்த "நான்தானே தூக்கிக்கொண்டு போனேன்" என்ற குற்ற உணர்வை அங்கேயே அழுது இறக்கிவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அக்கா மகனுக்கு டிராவேதான் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய மூன்று விவரங்கள் அந்தப் பக்கம் கை காட்டுகின்றன: ஒரு வயதுக்குள் காய்ச்சலோடு தொடங்கியது, அரை மணி நேரத்துக்கு மேல் நீண்டது, மூன்று வயதில் பேச்சு பின்தங்கியது. மூளை அமைப்பில் பிறவிக் கோளாறு, உடலின் வேதிமாற்றக் கோளாறு, வேறு ஜீன்கள் என்று இன்னும் பல காரணங்களும் இருக்கலாம். அமெரிக்கக் கணக்குப்படி டிராவே நோய் சுமார் 16,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கிறார்கள். அதே விகிதம் இங்கும் இருந்தால் வருடத்துக்கு ஐம்பது குழந்தைகளுக்கு மேல் வரவேண்டும். அவர்களில் பலர் "ஊசியால வந்த ஜன்னி" என்றோ வெறும் "ஃபிட்ஸ்" என்றோதான் மருந்துச் சீட்டோடு அலைந்துகொண்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

டிராவே என்றே உறுதியானாலும் உங்கள் குழந்தைக்கு அதனால் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய இல்லை. காரணம், பத்தில் ஒன்பது பேருக்கு அந்தப் பழுது புதிதாக உண்டாவது. உங்கள் அக்காவிடமோ மாமாவிடமோ இருந்து வந்ததாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும், அதையும் அவர்கள் ரத்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். சொந்தத்தில் கட்டியதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் கிடையாது. எதற்குச் சம்பந்தம் உண்டு என்பதற்கு இப்போது வருகிறேன். இரண்டாவது கேள்வியும் அங்கேதான் இருக்கிறது.

செத்த கிருமியைக் கொண்டு செய்த ஊசி எந்தக் குழந்தைக்கும் அந்த நோயைக் கொடுக்க முடியாது. உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட கிருமியைக் கொண்டு செய்த தடுப்பு மருந்துகள் வேறு. பிறந்ததும் இடது தோளில் போடும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி, போலியோ சொட்டு, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு, ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி ஆகியவை இந்த வகை. சாதாரண குழந்தையின் உடம்பு அந்தக் கிருமியைக் கொஞ்ச நாள் வளரவிட்டு அடக்கிவிடும். தோளில் தெரியும் பிசிஜி தழும்பு அந்தச் சண்டை நடந்த இடம். அடக்கும் படையே பிறவியில் இல்லாத குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களுக்கு அந்தப் பலவீனமான கிருமியே உடம்பெல்லாம் பரவும். இங்கே ஜீன்தான் தீர்மானிக்கிறது, சந்தேகமே இல்லை.

பிசிஜியை எடுத்துக்கொள்வோம், நமக்கு அதுதான் முதல் ஊசி. உடம்பு முழுக்கப் பரவுவது பத்து லட்சம் ஊசியில் ஒன்றரையிலிருந்து நான்கு பேருக்குத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் ஒரு பகுதி, வெள்ளணுப் படையே உருவாகாத குழந்தைகள். கடும் கூட்டு எதிர்ப்புக் குறைபாடு என்று அதைச் சொல்லலாம், மருத்துவர்கள் ஸ்கிட் என்பார்கள். அமெரிக்காவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளையும் சோதித்ததில் 58,000ல் ஒன்றுக்கு இருந்தது. இன்னொரு பகுதி இன்னும் நுட்பமானது. இந்தக் குழந்தைகளின் வெள்ளணு எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனால் காசநோய் இனத்துக் கிருமிகளைக் கொல்லச் சொல்லி ஓர் அணு இன்னோர் அணுவுக்கு அனுப்பும் சேதி போய்ச் சேராது. இன்டர்ஃபெரான் காமா, இன்டர்லூக்கின் 12 என்ற இரண்டு சேதிப் பொருள்கள்தான் அந்தப் பாதையை நடத்துகின்றன. பிசிஜியால் இறந்த ஒரு குழந்தையிடம் இந்தப் பாதை அறுந்திருப்பதை 1996ல் ழான் லோரான் கசனோவாவோடு சேர்ந்த பாரிஸ் குழு கண்டுபிடித்தது. அந்தக் குழந்தையின் பெற்றோர் ரத்த உறவினர்கள்.

நீங்கள் அத்தை மகனைக் கட்டியிருப்பது இங்கேதான் பொருள்படும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் இருவருக்கும் தாத்தா பாட்டி ஒன்று. தாத்தாவிடம் ஒரு ஜீனின் ஒரு பிரதி பழுதாக இருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது, இன்னொரு பிரதி பார்த்துக்கொள்ளும். அதே பழுது உங்கள் வழியாகவும் உங்கள் கணவர் வழியாகவும் வந்து குழந்தையிடம் சேர்ந்தால் இரண்டு பிரதியும் பழுது. இப்படிப்பட்ட தம்பதிகளின் குழந்தைக்கு ஜீன்களில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு இரண்டு பக்கமும் ஒரே அச்சாக இருக்கும். பயந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் சொந்தத்தில் கட்டுவது காலம் காலமாக நடக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு நல்ல திடமான பிள்ளைகளே பிறக்கிறார்கள். ஆனால் என்னிடம் வரும் குடும்பங்களிடம் நான் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. உங்கள் பக்கத்திலோ கணவர் பக்கத்திலோ ஒரு வயதுக்குள் இறந்த குழந்தை உண்டா? இறப்புக்கு என்ன சொன்னார்கள்? "சளி கட்டி", "வயித்தால போயி", "அம்மை பார்த்து" என்று ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று கைக்குழந்தைகள் போயிருந்தால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அம்மா வழியில் ஆண் குழந்தைகளாகவே போயிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஸ்கிட் நோயில் ஒரு வகையும், எதிர்ப்பொருளைச் செய்யும் பி அணுக்களே இல்லாத இன்னொரு நோயும் தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருபவை. போலியோ சொட்டு, மிக அபூர்வமாக, போலியோ வாதத்தைக் கொண்டுவருவது உண்டு; இரண்டாவது நோய் உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஊசியாகப் போடும் போலியோ மருந்தில் அந்தப் பயம் இல்லை.

அப்படி ஒரு குடும்பக் கதை இருந்தால் என்ன செய்வது? பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி, பிசிஜி, போலியோ சொட்டு, ரோட்டா மூன்றையும் குழந்தையைப் பரிசோதிக்கும் வரை தள்ளிவைக்கச் சொல்லுங்கள். முதல் பரிசோதனை ஜீன் டெஸ்ட்கூட இல்லை, எந்த ஊரிலும் எடுக்கிற சாதாரண ரத்த அணு எண்ணிக்கைதான். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணு 6,000, அதில் ஒரு வகையான லிம்போசைட் 20 சதவீதம் என்றிருந்தால் லிம்போசைட் 1,200 என்று ஆகிறது. கைக்குழந்தைக்கு அது 2,500க்குக் கீழே இருந்தால் சும்மா விடக்கூடாது. பெரியவர்களுக்கு அந்த எண் சரியானது என்பதால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வராமல் போய்விடும், அதனால் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் குடும்பக் கதை பலமாக இருந்தால் அதற்கான நிபுணர் மேற்கொண்டு பார்ப்பார், சேதிப் பாதைக் கோளாறுகள் எண்ணிக்கையில் தெரியாது. இங்கிலாந்தில் 2021லிருந்து, ஸ்கிட் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு 28 நாளுக்கு அப்புறம் பிசிஜி போடுகிறார்கள். அங்கே காசநோய் குறைவு, எனவே காத்திருக்கலாம். நம் ஊரில் காரணமில்லாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் தள்ளிப்போட்டால் மூளைக் காசநோய் அந்த இடைவெளியில் நுழையும். அந்தக் குழந்தைகளையும் என் வார்டில் பார்த்திருக்கிறேன், அதனால் குடும்பக் கதை இல்லாதவர்களுக்கு நாள் தள்ளாமல் போடச் சொல்கிறேன்.

தட்டம்மை ஊசிக்கும் இதுபோல ஒன்று உண்டு. முதல் வகை இன்டர்ஃபெரானைப் பிடித்துக்கொள்ளும் வாங்கி இல்லாத குழந்தைகளுக்கு உயிருள்ள தட்டம்மை ஊசி கடுமையாக ஆகியிருக்கிறது. உலகிலேயே இது அபூர்வம். சமோவா, டோங்கா போன்ற பசிபிக் தீவு மக்களிடமும் ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்களிடமும் மட்டும் இதற்கான பழுது ஓரளவு பரவியிருப்பதை 2022ல் கண்டுபிடித்தார்கள்.

இதுவரை சொன்னது உறுதியான பகுதி. இனி ஜீனின் பங்கு தெரிந்தும் கையில் பிடிபடாத ஒன்றைச் சொல்கிறேன். "முன்கூட்டியே ஜீன் டெஸ்ட்" என்று நீங்கள் கேட்டதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 2009ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது ஐரோப்பாவில் பாண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசியைப் போட்டார்கள். 2010ல் பின்லாந்திலும் சுவீடனிலும் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் பட்டப்பகலில் தூங்கி விழுகிறார்கள், சிரித்தால் முழங்கால் மடங்கிச் சரிகிறார்கள். நார்கோலெப்சி என்ற நோய் அது. மூளையில் விழிப்பைக் காக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிந்துவிடுகின்றன. பின்லாந்தில் 4 முதல் 19 வயது வரை ஊசி போட்டவர்களில் சுமார் 16,000 பேருக்கு ஒருவர் பாதிக்கப்பட்டார். போடாதவர்களைவிட ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு ஆபத்து. இது தற்செயல் இல்லை, தடுப்பூசியோடு உண்மையிலேயே சம்பந்தப்பட்ட பாதிப்பு. இதை மறைக்கவோ குறைக்கவோ வேண்டியதில்லை.

பாதிக்கப்பட்டவர்களின் ஜீனைப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லோரிடமும் ஹெச்எல்ஏ ஜீன்களில் டிக்யூபி1 06:02 என்ற வகை இருந்தது. கிருமியின் துண்டை எடுத்து எதிர்ப்புப் படைக்குக் காட்டுகிற தட்டு என்று ஹெச்எல்ஏவைச் சொல்லலாம். தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். அப்படியானால் அந்த வகை உள்ளவர்களைக் கண்டுபிடித்து ஊசி போடாமல் விட்டிருக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வட ஐரோப்பாவில் நூறில் 25, 30 பேரிடம் அந்த வகை இருக்கிறது. 30 என்று வைத்தால் 16,000 பேரில் அது 4,800 பேர். நோய் வந்தது அவர்களில் ஒரே ஒருவருக்கு. மீதி 4,799 பேரும் அதே ஜீனோடு, அதே ஊசியோடு, நன்றாக இருக்கிறார்கள். அந்த ஜீன் இல்லாமல் இந்த நோய் வருவது அரிது, ஆனால் அந்த ஜீன் இருப்பதால் மட்டும் நோய் வந்துவிடாது. இன்னும் என்னென்ன சேர வேண்டும் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எதிர்ப்பைத் தூண்டுவதற்காக ஊசியில் சேர்த்த ஊக்கிப் பொருள் காரணமா? அதே ஊக்கியோடு கனடாவில் போட்ட ஊசியில் ஆபத்து இந்த அளவுக்குத் தெரியவில்லை. வைரஸே காரணமா? சீனாவில் ஊசி போடாத பிள்ளைகளிடமும் அந்தப் பன்றிக் காய்ச்சல் பருவத்துக்குப் பிறகு நார்கோலெப்சி கூடியது. வைரஸின் ஒரு துண்டும் மூளையின் ஒரு துண்டும் அந்தத் தட்டில் ஒரே மாதிரி தெரிந்து படை ஏமாந்துபோவதுதான் காரணம் என்பது பலமான கருத்து. எனக்கும் அதில் சாய்வு உண்டு, ஆனாலும் அது முழுதாக நிரூபணமானது என்று எழுத மாட்டேன்.

அடுத்து இன்னும் மங்கலானவை. தட்டம்மை-பொன்னுக்குவீங்கி-ரூபெல்லா ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளை டென்மார்க்கில் பெரிய அளவில் ஆராய்ந்து 2014ல் வெளியிட்டார்கள். அந்த ஊசிக்கே உரிய இரண்டு ஜீன் இடங்கள் தெரிந்தன. அதில் ஒன்று சிடி46, ஊசியில் இருக்கும் தட்டம்மை வைரஸ் அணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி. அறிவியலாக அழகான கண்டுபிடிப்பு. தனி ஒரு குழந்தையைப் பற்றி முடிவெடுக்க உதவாது, ஏனென்றால் ஆபத்தைச் சிறிதளவுதான் கூட்டுகிறது. அந்த வலிப்பும் பெரும்பாலும் சில நிமிடத்தில் நின்று தடமில்லாமல் போய்விடும் சாதாரணக் காய்ச்சல் வலிப்புதான்.

2024 ஏப்ரல் கடைசியில் கோவிஷீல்டு பற்றிச் செய்தி வந்தபோது என் போனில் நாள் முழுக்க இதே கேள்வி. மிக அரிதாக ரத்தம் உறையலாம் என்று அஸ்ட்ராஜெனெகா லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது என்பது செய்தி. அந்தப் பாதிப்பு 2021லேயே மருத்துவர்களுக்குத் தெரிந்த ஒன்று. உறையவைக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்துப் பார்த்த ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சோதித்த நோயாளிகளிடம் அது ஒரே வகை ஜீனிலிருந்து செய்யப்பட்டிருப்பதை 2022ல் காட்டினார்கள். அந்த ஜீன் வகையும் லட்சக்கணக்கானோரிடம் இருப்பது, நார்கோலெப்சி கணக்குதான் இங்கும். ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரவேண்டிய பாதிப்பு இது. வருடங்கள் கடந்தவர்கள் இதற்காக எந்தப் பரிசோதனையும் எடுக்க வேண்டாம். இளவயது திடீர் மரணங்கள் பற்றியும் கேட்கிறார்கள். சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 18 முதல் 45 வயது வரை நாடெங்கும் 47 மருத்துவமனைகளை வைத்து ஆராய்ந்து 2023ல் வெளியிட்டது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவற்றில் ஒன்று, குடும்பத்தில் ஏற்கெனவே திடீர் மரணம் நடந்திருப்பது. அங்கேயும் குடும்பக் கதைதான் பேசுகிறது.

இதையெல்லாம் வைத்து, "தடுப்பூசிக்கு முன் ஜீன் பேனல்" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். எம்டிஹெச்எஃப்ஆர் என்ற ஜீனைக் காட்டித்தான் பெரும்பாலும் பயமுறுத்துவார்கள். 2008ல் பெரியம்மைத் தடுப்பூசி பற்றிய சிறிய ஆய்வொன்றில் காய்ச்சல், தடிப்பு போன்ற சாதாரண விளைவுகளோடு அந்த ஜீனுக்குத் தொடர்பு தெரிந்தது, அவ்வளவே. அந்த மாறுபாடு ஊரில் பாதிப் பேரிடம் ஏதோ ஒரு வடிவில் இருக்கக்கூடியது. அதைப் பார்த்து ஊசியை நிறுத்திய குழந்தைக்குக் கக்குவான் வந்தால் ஜீன் ரிப்போர்ட் காப்பாற்றாது.

உங்கள் குழந்தைக்கு வருவோம். நான் மேலே கேட்ட குடும்பக் கேள்விக்கு "அப்படி யாரும் இல்லை" என்பது பதிலானால் எல்லாத் தடுப்பூசியும் நாள் தவறாமல் போடுங்கள். அக்கா மகன் கதையைச் செவிலியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். காய்ச்சல் வந்தால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் பாரசிட்டமால் சொட்டு போதும். பெயின்லெஸ் ஊசி போடலாமா என்று கேட்பீர்கள். அதில் கக்குவான் கிருமியின் சில துண்டுகள் மட்டும் இருப்பதால் காய்ச்சல் குறைவு, மனசுக்கு நிம்மதி என்றால் போட்டுக்கொள்ளலாம். வசதி இல்லையென்றால் அரசு ஊசியே நல்ல பாதுகாப்பு. ஒருவேளை வலிப்பு வந்தால் குழந்தையை ஒரு பக்கமாகப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் ஸ்பூன் விடுவது வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

உங்களைவிட அவசரம் அக்காவுக்குத்தான். பையனின் மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின் இவற்றில் ஏதாவது இருக்கிறதா? இவை வலிப்புக்கு நல்ல மருந்துகள், ஆனால் சோடியம் வாசலை அடைப்பவை. டிராவே குழந்தைக்கு ஏற்கெனவே அந்த வாசல்தான் குறை, எனவே வலிப்பு கூடிவிடும். நான் சொன்ன எட்டு மாதக் குழந்தையும் அப்படி ஒரு மருந்தில்தான் வந்தது. அதை மெதுவாகக் குறைத்து வால்ப்ரோயேட்டும் குளோபசாமும் கொடுத்த பிறகு மாதத்துக்குப் பத்து பன்னிரண்டு என்றிருந்த வலிப்பு இரண்டு மூன்றாக இறங்கியது. முற்றிலும் நிற்கவில்லை. ஆனால் நீண்ட வலிப்புக்காக ஐசியு போவது நின்றது. சீட்டில் அந்தப் பெயர் இருந்தாலும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து அடிக்கும். குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போய் "எஸ்சிஎன்1ஏ பார்க்கலாமா" என்று கேட்கச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டை, இதுவரை கொடுத்த மருந்துகளின் சீட்டுகள், வலிப்பு வரும்போது போனில் எடுத்த வீடியோ மூன்றையும் கொண்டுபோகட்டும். வீடியோவில் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது தெரியும்படி, குழந்தையின் போர்வையை விலக்கிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.